விருந்து மண்டப வாசலில் வேட்டி: சொகுசுக் கப்பல் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

உங்கள் கப்பல்களில் ஒரு வாரப் பயணம் என்றால், ஓரிரு மாலைகளை ‘ஃபார்மல் நைட்’ என்று ஒதுக்குகிறீர்கள். அன்று ஆண்கள் என்ன உடுத்த வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு குறிப்பும் அனுப்புகிறீர்கள். டின்னர் ஜாக்கெட், கருநிற சூட், டை. பல நிறுவனங்களின் குறிப்பு அதோடு முடிந்துவிடுகிறது. அதில் சேர வேண்டிய ஒரு வரிக்காகவே இந்த மடல்.

“பயணிகள் தங்கள் நாட்டின் அல்லது சமூகத்தின் மரபான விசேஷ உடையில் வரலாம்” என்று எழுத்தில் போடுங்கள். போட்டதை, மண்டப வாசலில் நிற்கும் ஊழியருக்கும் சொல்லிக்கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

புடவை கட்டிய பெண்ணை எந்தக் கப்பலிலும் தடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. காஞ்சிபுரம் பட்டைப் பார்த்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்துவந்து விசாரிக்கிறார்கள். அவருடைய கணவர் பட்டு வேட்டியில் கூடவே வந்தால்தான் தயக்கம் தொடங்குகிறது. என் அப்பாவுக்கு அது நடந்தது. மயில்கண் கரை போட்ட எட்டு முழ வேட்டி, முழுக்கைப் பட்டுச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம். எங்கள் வீட்டுத் திருமணங்களில் முதல் வரிசையில் உட்காரும்போது அவர் உடுத்துவது அதைத்தான். வாசலில் நின்ற இளைஞர் மரியாதையாகவே பேசினார். கால்சட்டை மாற்றிக்கொண்டு வரலாம், இல்லையென்றால் மேல்தளத்தில் பஃபே இருக்கிறது என்றார். அப்பா வாதாடவில்லை. அறைக்குத் திரும்பிவிட்டார். அம்மாவும் அன்றிரவு விருந்துக்குப் போகவில்லை.

அந்த இளைஞர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவரிடம் கொடுத்திருந்த பட்டியலில் வேட்டி இல்லை. பட்டியலில் இல்லாத ஒன்றை அனுமதித்துவிட்டு மேலாளரிடம் பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லை. பட்டியலை எழுதியவர்கள் நீங்கள். என்னை உண்மையில் புண்படுத்தியது வேறொன்று. அதே பயணத்தில் பின்னொரு நாள் ‘இந்திய இரவு’ என்று அறிவித்து, எல்லோரையும் இந்திய உடையில் வந்து கொண்டாடச் சொன்னார்கள். ஆட்டம்பாட்டத்துக்கு ஏற்றதாக இருந்த வேட்டி, கப்பல் தலைவரின் விருந்துக்கு மட்டும் எப்படிக் குறைந்துபோனது?

வேட்டியை நீங்கள் சாதாரண வீட்டு உடையாக நினைத்திருக்கலாம். அதற்குள்ளும் விசேஷம், சாதாரணம் என்ற பிரிவு கறாராக உண்டு. நாலு முழம் வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும். எட்டு முழம் சபைக்கு. பஞ்சகச்சம் சடங்குக்கு. கைலியைக் கட்டிக்கொண்டு எவரும் திருமணப் பந்தியில் உட்காருவதில்லை. வேலை செய்யும்போதும் தெருவில் நடக்கும்போதும் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருப்பவர், பெரியவர் ஒருவர் எதிரே வந்தால் மடிப்பை அவிழ்த்துக் கணுக்கால்வரை தழைய விடுவார். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கை தானாகவே போகும். சபை மரியாதையை இந்த அளவுக்குத் தனக்குள் வைத்திருக்கும் உடையை ‘ஃபார்மல்’ என்று ஏற்க வேறு என்ன தகுதி வேண்டும்?

நீங்கள் அளவுகோலாக வைத்திருக்கும் டின்னர் ஜாக்கெட்டின் கதையையும் பாருங்கள். 1860களில் லண்டன் தையலகமான ஹென்றி பூல், வேல்ஸ் இளவரசருக்காக ஒரு குட்டை ஜாக்கெட் தைத்தது. வால் வைத்த கோட்டின் இறுக்கமில்லாமல், நெருங்கியவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்கான இலகுவான உடை அது. 1886-இல் நியூயார்க் அருகே டக்சீடோ பார்க்கில் பரவி அந்த ஊர்ப் பெயரையே பெற்றது. ஸ்காட்லாந்து ஆண்கள் பாவாடைபோல் இடுப்பில் சுற்றிக் கட்டும் கட்டம் போட்ட கில்ட் பட்ட பாடு இன்னும் பெரிது. மலைநாட்டுக் கிளர்ச்சிப் படை அரசிடம் தோற்ற கலோடன் போருக்குப் பிறகு, 1746-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மலைநாட்டு ஆண்களின் மரபு உடைக்குச் சட்டம் போட்டே தடை விதித்தது. 1782-இல்தான் தடை நீங்கியது. அடுத்த நாற்பது ஆண்டுகளில், 1822-இல், மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது தாமே கில்ட் உடுத்தி நின்றார். சட்டம் விலக்கி வைத்த உடை இன்று பல கப்பல்களின் விதியில் பெயரோடு இடம்பெறுகிறது. நல்லதுதான். ஸ்காட்லாந்துக்காரருக்குக் கிடைத்த அந்த மதிப்பைத்தான் எங்களுக்கும் கேட்கிறேன்.

உங்களில் சிலர் இதைச் செய்தும் இருக்கிறீர்கள். கியூனார்டு கப்பல் நிறுவனம் ‘காலா’ என்று அழைக்கும் விசேஷ மாலைகளுக்கான விதியில் முறையான தேசிய உடைக்கு இடம் உண்டு. அதனால் அந்த மாலைகளின் பொலிவு குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. ஸ்டாக்ஹோம் நோபல் விழாவைவிடக் கண்டிப்பான ஆடை விதி உள்ள மேடை உலகில் மிகக் குறைவு. அங்கேயும் வால் கோட்டுக்கு மாற்றாகத் தேசிய உடை ஏற்கப்படுகிறது. 1968-இல் எழுத்தாளர் யசுனாரி கவபட்டா ஜப்பானிய மரபு உடையில் பரிசு பெற்றார். 1979-இல் பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் தலைப்பாகையும் அச்கன் என்ற நீண்ட மேலங்கியுமாக நின்றார். 2019-இல் பொருளியல் அறிஞர்களான அபிஜித் பானர்ஜி வேட்டியிலும் எஸ்தர் டூஃப்லோ புடவையிலும் சுவீடன் மன்னரிடம் பரிசு வாங்கினார்கள். மன்னர் முன்னிலையில் போதுமானதாக இருந்த வேட்டி, இரவுச் சாப்பாட்டுக்குப் போதாது என்றால் எப்படி ஏற்பது?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி சட்டமன்றம்வரை போயிருக்கிறது. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் ஒரு நூல் வெளியீட்டுக்காகக் கிரிக்கெட் சங்க மன்றத்துக்குச் சென்றபோது, வேட்டி உடுத்தியிருந்ததால் உள்ளே விடப்படவில்லை. வெள்ளைக்காரர் விட்டுப்போன விதியைச் சுதந்திரம் வந்து அறுபத்தேழு ஆண்டு கழித்தும் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். மாநிலமே கொதித்தது. அடுத்த மாதமே, வேட்டிக்கும் பிற இந்திய மரபு உடைகளுக்கும் மன்றங்கள் தடை போடக்கூடாது என்று சட்டம் நிறைவேறியது. மீறினால் ஓராண்டுவரை சிறை, 25,000 ரூபாய்வரை அபராதம். பனாமா கொடியோ பஹாமாஸ் கொடியோ ஏற்றி நடுக்கடலில் போகும் கப்பலில் அந்தச் சட்டம் செல்லாது. ஆகவே உங்கள் மனத்தை நம்பித்தான் எழுதுகிறேன். 2022-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் புறப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் தமிழ்க் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகச் சேர்ந்து ஏறுகின்றன. தாத்தாவை மட்டும் வாசலில் நிறுத்திவைக்கும் விருந்து அவர்களுக்கு எதற்கு?

காலணி பற்றியும் ஒரு வார்த்தை. சில விதிகள் ஆண்களுக்கு மூடிய ஷூ கட்டாயம் என்கின்றன. வேட்டிக்குப் பொருந்துவது தோல் செருப்பு. கடற்கரை ரப்பர் செருப்பையும் விசேஷத்துக்கான தோல் செருப்பையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

உங்கள் ஊழியர்களையும் நினைத்துப் பார்க்கிறேன். கப்பல்களில் பரிமாறுபவர்களில் பெரும்பகுதியினர் பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வருகிறவர்கள். பிலிப்பீன்ஸில் அன்னாசி நாரில் நெய்த பாரோங் தகாலோக் என்ற சட்டை திருமணத்துக்கும் அரசு விழாவுக்கும் உரிய உடை. 1953-இல் ரமோன் மக்சேசே குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதும் அதில்தான். இந்தோனேசியாவில் மெழுகிட்டுச் சாயம் தோய்த்த பத்திக் துணியில் தைத்த முழுக்கைச் சட்டை எந்தச் சபைக்கும் தகும். விதியைத் திருத்தினால் எனக்கு மட்டும் நன்மை என்று எண்ணாதீர்கள். அந்த ஊழியர்களின் தந்தையர் என்றாவது பயணிகளாக ஏறும்போது அவர்களுக்கும் அதுவே வாசலைத் திறக்கும்.

விதி தளர்ந்தால் அரைக்கால் சட்டையோடு வந்து நிற்பார்கள் என்று உங்கள் அதிகாரி ஒருவர் எனக்குப் பதில் எழுதியிருந்தார். அந்த அச்சம் தேவையற்றது. ‘அவரவர் ஊரில் திருமணத்துக்கோ அரசு விழாவுக்கோ உடுத்துவது’ என்று வரையறை செய்தால் போதும். ஐயம் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பாமல், மேலாளரை அழைத்துக் கேட்கும்படி ஊழியருக்குச் சொல்லுங்கள். வேட்டி, பாரோங், பத்திக், ஷெர்வானி, நைஜீரியாவின் அக்பாடா, நார்வேயின் பூனாட் என்று சில படங்களை அவருடைய கையேட்டில் சேர்த்துவிடுங்கள். ஒரு பக்கம்கூட ஆகாது.

அடுத்த ஆண்டு அப்பாவின் எண்பதாம் பிறந்தநாளைக் கப்பலில் கொண்டாட வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். எந்த நிறுவனத்தில் டிக்கெட் எடுப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உங்கள் ஆடைக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சென்னைப் பயணி ஒருவர்