சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் இறங்கிய சுருதி

நாகாவோகா, ஜப்பான், ஜனவரிக் கடைசி

அன்பு மாப்ளே,

அம்மாவின் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. திருவையாறு போய் வந்ததை மட்டும் "கூட்டம் அதிகம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். யார் வாசிப்பு காதில் விழுந்தது, பந்தலில் யாரைப் பார்த்தாய், ஒன்றுமில்லை. பேங்க்கில் சேர்ந்ததிலிருந்தே உன் எழுத்து இப்படித்தான்.

கச்சேரிக்கு வந்த இடத்தில் குளிர் எப்படி என்று கேட்டிருந்தாய். எல்லாரும் பனியைத்தான் விசாரிக்கிறார்கள். என்னைப் படுத்தியதோ டோக்கியோவின் வறட்சி. நீல வானம், நல்ல வெயில், ஆனால் காற்றில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. அறையில் ஹீட்டர் வேறு. ராத்திரி ஐந்து கட்டைச் சுருதிக்குச் சேர்த்து வைத்த மிருதங்கத்தின் வலந்தலை, அதான் வலப்பக்கத் தோல், காலையில் ஐந்தரைக் கட்டைப் பக்கம் ஏறி நிற்கிறது. இடப்பக்கத் தோலான தொப்பியில் ரவைப் பசையை அப்பினால் ஒரு உருப்படி முடிவதற்குள் ஓரமெல்லாம் வெடித்துவிடும். நல்லவேளை, நட்டு போல்ட் மிருதங்கம் எடுத்து வந்தேன். தோல்வார் பிடித்ததாக இருந்தால், காகிதம் போன்ற சுவர் உள்ள ஹோட்டலில் நடுராத்திரி கல்லால் தட்டிக்கொண்டிருக்க முடியுமா? ஸ்பானரால் சத்தமில்லாமல் ஒரு திருகு, தீர்ந்தது. நாதம் ஒரு மாற்றுக் குறைவுதான், நீ சொல்வாய் என்று தெரியும். ஊர் ஊராகப் பெட்டி தூக்குகிறவனிடம் வந்து சொல்லிப் பார்.

விரல்தான் பெரிய கவலை. நுனியெல்லாம் வெடிக்கிறது. பகலில் எண்ணெய் தடவினால் வலந்தலை நடுவிலிருக்கும் கறுப்பு வட்டமான கரணையில் ஒட்டிக் கெடுத்துவிடும். அதனால் ராத்திரி தேங்காய் எண்ணெய் பூசி, பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு தூங்குகிறேன். மேடை ஏறுமுன் வாசலில் இருக்கும் மெஷினில் சூடான டீ பாட்டில் ஒன்று வாங்கி இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டே இருப்பேன். குடிப்பது அப்புறம்தான். விரல் விறைத்துப் போனால் வலந்தலையில் 'நம்' என்ற சொல் சரியாக விழாது, உனக்குத் தெரியாததா.

டோக்கியோவிலிருந்து இங்கே ஜோயெட்சு ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில். வழியில் குன்மா மாகாணம் வரை அதே வெயில். அப்புறம் 22 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம். வெளியே வந்தால் எச்சிகோ-யுசாவா ஸ்டேஷன்: கூரை, மரம், வேலி எதுவும் தெரியாமல் வெள்ளை. சைபீரியாவிலிருந்து வரும் காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை ஏற்றிக்கொண்டு, இந்த மலையில் முட்டி, பனியாக இந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி டோக்கியோவுக்குப் போவது காய்ந்த காற்று மட்டும். தென்மேற்குப் பருவமழையில் கேரளம் நனைய, நம் பக்கம் மழைமறைவில் கிடக்கிறதே, அதே கணக்கு.

நாகாவோகாவில் ரோட்டின் நடுவே வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். அவற்றிலிருந்து நிலத்தடி நீர் பீச்சிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீர் குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாக இருப்பதால், விழுகிற பனி அங்கேயே கரைந்து ஓடுகிறது. தண்ணீரில் இருக்கும் இரும்பால் ரோடெல்லாம் செங்கல் நிறம். கார்க்காரனுக்கு சௌகரியம், நடக்கிறவனுக்குக் கணுக்கால் வரை ஈரம். மிருதங்கப் பையைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு நான் ரோட்டைக் கடந்ததைப் பார்த்து ஒரு பாட்டியம்மா குடையை நீட்டிக்கொண்டே கூட வந்தார். எனக்கில்லை, மிருதங்கத்துக்கு.

கச்சேரி, சாக்கே என்ற அரிசி மது காய்ச்சும் ஆலையின் பழைய கிடங்கு ஒன்றில். சூடு தரும் ஏசி கிடையாது. மண்ணெண்ணெய் ஸ்டவ், அதன்மேல் கொதிக்கும் கெட்டில். மண்ணெண்ணெய் எரியும்போதே நீராவியும் கிளம்பும் அல்லவா, போதாததற்குக் கெட்டில் வேறு. வலந்தலை தானாக இறங்கி வந்தது, ரவை கடைசிவரை ஈரமாக ஒட்டிக்கிடந்தது. இந்தப் பயணத்தில் எனக்குத் திருப்தியாக அமைந்த தனி ஆவர்த்தனம் அதுதான்.

சபை மட்டும் விநோதம். தனியில் ஒரு தலை ஆடாது, ஒரு "பலே" கிடையாது. பிடிக்கவில்லையோ என்று முதலில் வயிற்றைக் கலக்கும். முடிந்து, தம்புராவும் ஓய்ந்த பிறகுதான் கைதட்டல். இன்னொன்று வேண்டுமென்றால் எல்லாரும் ஒரே சீராகத் தட்டுகிறார்கள். மெதுவாக, சௌக்கத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் காலம் ஏறுகிறது, தாளம் போட யாருமில்லாமலே! போகும்போது கருத்து எழுத ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுக்கிறார்கள். ஒருவர் மிருதங்கத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் படம் வரைந்து, உள்ளே மரக்கூடு எவ்வளவு தடிமன் என்று கேட்டிருந்தார். நம் ஊரில் பக்கவாத்தியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

சாப்பாட்டில் எனக்கு வம்பில்லை. பாவம் வயலின்காரர், சுத்த சைவம். நூடுல்ஸ் குழம்பில்கூட மீன் சாறு. கடையில் சூடாக்கித் தரும் சோறு, புளிக்காத தயிர், உமேபோஷி என்ற உப்பு ஊறுகாய், இவ்வளவில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

அம்மா முட்டிக்கு இங்கே சூடு தரும் ஒட்டுப்பட்டை கிடைக்கிறது, வாங்கி வருகிறேன். துணிமேல்தான் ஒட்டவேண்டும், தோலில் நேராக வைத்தால் புண்ணாகிவிடும். அதற்குமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. பாப்பாவுக்கு என்ன வேண்டும் என்று அவளையே எழுதச் சொல்.

ஒரு வேலை: தஞ்சாவூர்ப் பக்கம் போனால் நம் மிருதங்க வேலைக்காரரைப் பார்த்து ஐந்து கட்டை வலந்தலைக்குப் புதுத் தோல் மூட்டு ஒன்று சொல்லி வை. இதில் கரணை பொரியத் தொடங்கிவிட்டது, ஊர்க் கச்சேரிக்கு ஆகாது. முன்பணம் எவ்வளவு கேட்கிறார் என்று தகவல் கொடு, அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே