எடை பார்த்த பிறகு அந்தப் பிள்ளை எங்கே போவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் முதுநகரில் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் தெருவில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய தாய் துறைமுகத்தில் மீன் தரம் பிரிக்கும் வேலைக்கு விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பிவிடுவார். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு அவனுடைய உயரத்தையும் எடையையும் பார்த்து, 'எடை அதிகம், மருத்துவரை அணுகவும்' என்று அட்டையில் எழுதிக் கொடுத்தது. அந்த அட்டையைத் தாய் ரேஷன் அட்டையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகவே வைத்திருந்தார். எங்கே, எந்த நேரத்தில், யாரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. மகனின் பின்கழுத்தில் தோல் கறுத்துத் தடித்திருந்ததை அழுக்கு என்று எண்ணி, பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியிருந்தார். அது அழுக்கல்ல, உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

பிறகு ஒருநாள் நானே அவர்களுடன் ஒரு மருத்துவமனைக்குச் சென்றேன். மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தோம். 'சோற்றைக் குறைங்க, விளையாட விடுங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க' என்றார் மருத்துவர். வெளியே அத்தனை பேர் காத்திருக்கையில் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருநாள் கூலியை இழந்து வந்த அந்தத் தாயிடம், காலையில் பிள்ளை பத்து ரூபாய் பாக்கெட்டும் குளிர்பானமும் வாங்கிப் பசியாறுவதற்குப் பதிலாக வேறு என்ன செய்யலாம் என்று பேச அங்கு எவருக்கும் நேரமில்லை. மூன்று மாதம் கழித்து அவர் போகவில்லை.

உடற்பருமன் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் நோய் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான உலகளாவிய ஆய்வு, 5 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பிள்ளைகளில் சுமார் 1.25 கோடிப் பேர் 2022-இல் உடற்பருமனுடன் இருந்ததாகக் கணக்கிட்டது. 1990-இல் அந்த எண்ணிக்கை 4 லட்சம் அளவில்தான் இருந்தது. அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு, 6 வயதும் அதற்கு மேலும் உள்ள, உடற்பருமனுள்ள பிள்ளைகளுக்கு ஓராண்டுக்குள் குறைந்தது 26 மணி நேரமாவது உணவு, உடற்பயிற்சி, பழக்கவழக்கம் பற்றிய தீவிர ஆலோசனை தேவை என்று அதே 2024-இல் பரிந்துரைத்தது. எங்களுக்குக் கிடைத்த இரண்டு நிமிடத்தை அதனருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

காப்பீட்டுத் திட்டங்கள் இதற்குக் கைகொடுப்பதில்லை. முதலமைச்சரின் விரிவான காப்பீடும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்காக வகுக்கப்பட்டவை. மாதக்கணக்கில் தொடரும் உணவு ஆலோசனைக்கு அவற்றில் வழியில்லை. அதேசமயம், கடும் மெலிவுள்ள குழந்தைகளைச் சேர்க்கும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களில், உடன் தங்கும் தாய்க்குக் கூலி இழப்பை ஈடுகட்ட ஒரு தொகை வழங்கும் ஏற்பாடு தேசிய நலவாழ்வுத் திட்டத்தில் உண்டு. அன்றாடக் கூலியை விட்டுவிட்டு ஏழைத் தாயால் வர முடியாது என்பதை அரசு அங்கே புரிந்துகொண்டிருக்கிறது. எடை கூடிய பிள்ளையின் தாய்க்கும் கூலி அதே கூலிதான்.

புதுச்சேரியில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருப்பது நம் வட்டாரத்துக்குப் பெரிய வரம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு என்று சிக்கல் கண்ட பிள்ளைகளை அத்தகைய இடங்களுக்கு அனுப்பத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு வேண்டியது, வீட்டுக்கு அருகில், ஒரே ஆளிடம், மாதம் இரண்டு முறையாவது குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் வாய்ப்பு. பிள்ளைக்கு மட்டும் சோற்றைக் குறைத்துவிட்டு மற்றவர்கள் வழக்கம்போல் சாப்பிடுகிற வீட்டில் எந்த அறிவுரையும் நிற்காது. அவனைத் தெருவே 'குண்டு' என்று கூப்பிடும்போது விளையாட்டும் நடக்காது. இதையெல்லாம் பேசத் தெரிந்த உணவு ஆலோசகர் ஒருவர் வேண்டும். 2021 முதல் வீடு வீடாகச் சென்று பெரியவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள், அதே வீட்டில் இருக்கும் இப்பிள்ளைகளையும் தொடர்ந்து கவனிக்கலாம்.

மாலையிலும் இயங்கும் நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் இதற்கென வாரம் ஒருநாள் ஒதுக்குமாறு கடலூர் மாவட்ட நிர்வாகத்தையும், இதேபோன்ற ஏற்பாட்டைத் தன் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யுமாறு புதுச்சேரி அரசையும் கேட்டுக்கொள்கிறேன். துறைமுகத்தில் அந்தத் தாயின் வேலை பிற்பகலுக்குள் முடிந்துவிடுகிறது. மாலை ஐந்து மணி என்றால், மகனைக் கூட்டிக்கொண்டு அவரால் நடந்தே வந்துவிட முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கடலூர் முதுநகர்.