இருபது நிமிடத்தில் பதினோரு தடவை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. திட்டுவதென்றால் இப்போதே திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சௌக்கியம். என் கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள். "எவனைப் பார்த்துக்கொண்டு படியிறங்கினாய்?" என்றுதானே கேட்பாய்? எவனையும் இல்லை. கைப்பேசியை.

சின்னவனுக்குக் கவனமே இல்லை என்று அவனுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது கால் முறிவதற்கு முன்னால். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டேன் என்கிறானாம். என்னைத்தான் தெரியுமே, அன்றைக்கே போருக்குக் கிளம்பிவிட்டேன். கலர் கலராக ஒரு அட்டவணை. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை மணியடிக்கும் கடிகாரம். அவன் மேஜைக்கு எதிர்ச்சுவர் முழுக்க வாய்ப்பாடு, கிரகங்கள், உலகப் படம், பூச்சிகள். கவனத்தை வளர்க்கும் என்று போனில் ஒரு விளையாட்டு வேறு. போன் பார்ப்பதைக் குறைக்கப் போனிலேயே விளையாட்டு! சிரித்தது போதும்.

அப்புறம்தான் விழுந்தேன். மூன்று வாரம் கூடத்திலேயே படுக்கை. வேறு வேலை இல்லாததால் பையனைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு நாள் ஓடாத பழைய கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுத் திருகாணிகளைச் சின்னதும் பெரியதுமாக அடுக்கிக்கொண்டிருந்தான். நாக்கு ஓரமாய்த் துருத்தியிருக்கிறது. "இது சின்னது... இல்லையில்லை, அது அப்புறம்" என்று தனக்குத்தானே முணுமுணுப்பு. வசந்தி, அது கவனமில்லாத பிள்ளையின் முகமே இல்லை.

அப்போதுதான் என் வாயைக் கவனித்தேன். கால்தான் கட்டில் இருந்ததே தவிர வாய் இல்லை. "தண்ணீர் குடித்தாயா?" "முதுகை நிமிர்த்து." "அந்தச் சக்கரத்துக்கு எத்தனை பல், எண்ணிச் சொல்லு பார்ப்போம்." அவரும் மாமியாரும் போகிற வருகிற வழியில் ஆளுக்கு ஒன்று. எண்ணிப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் பதினோரு தடவை. அதில் ஏழு என்னுடையது. ஒவ்வொரு தடவையும் அவன் நிமிர்ந்து, பதில் சொல்லி, மறுபடி குனிந்து, எங்கே விட்டோம் என்று தேடினான். பதினோராவதுக்கு அப்புறம் தேடவில்லை. எழுந்து போய்விட்டான். இதைத்தான் நான் இத்தனை நாளாக "ஒரு இடத்தில் உட்கார மாட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படுத்தபடியே நிறையப் படித்தேன். அந்த முணுமுணுப்பு இருக்கிறதே, "வாயை மூடிக்கொண்டு செய்" என்று எத்தனை நாள் அதட்டியிருப்பேன். வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் 1930-களிலேயே சொல்லிவிட்டாராம்: குழந்தை வேலையில் தன்னைத்தானே வழிநடத்திக்கொள்ளும் பேச்சு அது, வளர வளர அதுவே சத்தமில்லாமல் மனதுக்குள் போய்விடும். பிடித்து ஏறுகிற கயிற்றை நானே அறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சுவர் விஷயத்திலும் மூக்குடைபட்டேன். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 24 குழந்தைகளுக்குப் படங்கள் நிறைந்த அறையில் சில பாடங்களும் வெறும் சுவர் அறையில் சில பாடங்களும் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். 2014-ல் வந்த ஆய்வு. படங்கள் இருந்த அறையில் கிட்டத்தட்ட 39 சதவீத நேரம் பாடத்தை விட்டு வேறெங்கோ போயிருந்தார்களாம். வெறும் அறையில் 28. பாடம் முடிந்து கேட்ட கேள்விகளுக்குச் சரியான பதில் 42 சதவீதம், வெறும் அறையில் 55. சின்ன ஆய்வுதான், ஆனாலும் கிரகங்களையும் பூச்சிகளையும் அன்றே கழற்றிவிட்டேன். மாமியாருக்குத்தான் வருத்தம், வண்ணத்துப்பூச்சி அழகாக இருந்ததாம்.

சரி, உன் புலம்பலுக்கு வருகிறேன். மகளுக்கு முன்னால் மிட்டாயை வைத்துவிட்டுப் போனாயாம், திரும்பி வருவதற்குள் தின்றுவிட்டாளாம், உருப்படுவாளா என்று கேட்கிறாய். அடி பைத்தியமே! தின்னாமல் காத்திருந்தால் இன்னொரு மிட்டாய் என்று சொல்லி, மிஷெல் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அதைச் செய்து பார்த்தது 1960-களின் கடைசியில். காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்று அப்புறம் சொன்னார்கள். 2018-ல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை வைத்து வேறு சிலர் திரும்பப் பார்த்தபோது, மிட்டாய்க்குக் காத்திருந்ததற்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு பாதியாகிவிட்டது. குடும்ப வசதியையும் சூழலையும் சேர்த்துப் பார்த்ததும் மிச்சத்திலும் பெரும்பகுதி போய்விட்டது. எனக்கு அதில் பிடித்தது வேறு ஒன்று. காத்திருந்த பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு மிட்டாயையே முறைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்கள், பாடினார்கள், கையால் விளையாடினார்கள். பார்வையைத் திருப்பிக்கொள்ளவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். உன் மகள் பாடட்டும் விடு. மிட்டாய் வைத்துப் பரீட்சை பார்ப்பதை முதலில் நீ நிறுத்து.

நான் செய்தது அதிகமில்லை. அவன் எதிலாவது ஆழ்ந்திருந்தால் வாயைத் திறப்பதில்லை. தூக்கத்தையும் ஒழுங்குபடுத்தினேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் வேண்டுமாம். இவன் என்னோடு பதினொன்றரை வரை விழித்துக் கிடந்து, ஆறு மணிக்கு எழுந்து பள்ளிக்கு ஓடிக்கொண்டிருந்தான். காலையில் கண்ணே திறக்காத பிள்ளையிடம் கவனத்தைக் கேட்டால் எங்கே போவான்? ஒரு மாதத்தில் வீட்டுப்பாடச் சண்டை பாதியானது. முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

டாக்டரிடமும் போனேன். பயந்துகொண்டேதான் போனேன். வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலும் இப்படியா, ஆறு மாதத்துக்கு மேலாகவா என்று நிதானமாகக் கேட்டார். கவனக்குறைவுக் கோளாறு என்று சொல்ல அதெல்லாம் பார்க்க வேண்டுமாம், பன்னிரண்டு வயதுக்குள்ளேயே அறிகுறிகள் தொடங்கியிருக்கவும் வேண்டுமாம். இவனுக்கு அப்படித் தெரியவில்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது. கூடவே இன்னொன்றும் சொன்னார்: பெண் பிள்ளைகளில் ஓடியாடாமல், பேசாமல் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கிறவர்களை யாரும் கவனிப்பதே இல்லை, மக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள் என்று.

வசந்தி, எனக்குச் சட்டென்று பரிமளம் நினைவுக்கு வந்தாள். மூன்றாம் பெஞ்ச், ஜன்னலோரம். பரீட்சைத் தாளில் பாதிக் கேள்வியை விட்டுவிடுவாள், பேனாவைத் தினமும் தொலைப்பாள். எத்தனை அடி வாங்கினாள்! நாமும்தானே அவளுக்கு 'ஆகாசம்' என்று பேர் வைத்தோம். பேர் வைத்தது நான் என்று நீ சொல்லுவாய். ஆமாம், நான்தான். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியபோது நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு என்ன இருந்தது, இல்லை என்று இப்போது நான் முடிவு கட்ட முடியாது. ஆனால் ஒரு வாரமாக அவள் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

இதை எழுதும்போது உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது. அழுகைச் சத்தம் இல்லை, முணுமுணுப்புதான் கேட்கிறது. போகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அண்ணிக்குப் பரிமளத்தின் வீட்டாரைத் தெரியும் இல்லையா? அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டு எழுது. என்னைப் போல நான்கு மாதம் ஆக்காதே.

உன்,
கமலா