மண்டைக்காட்டு வீட்டுக் குளியலறை

மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு நாகர்கோவிலிலேயே காலேஜ் கிடைத்துவிட்டது, தக்கலையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். ஐப்பசி மழை இன்னும் விட்டபாடில்லை, கிணறு மேலே ஏறிக் கிடக்கிறது.

மண்டைக்காட்டு அம்மன் கோவில் மாசிக் கொடைத் திருவிழாவுக்கு லீவில் வரும்போது அம்மாவுக்காகக் குளியலறையை இடித்துப் புதிதாகச் செய்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். செய்யத்தான் வேண்டும், அம்மா வழுக்கி விழுந்தார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்கும் அதே நினைப்புதான். ஆனால் நீ அனுப்பிய படங்களில் டைல்ஸும் ஷவரும் கண்ணாடியும்தான் இருக்கின்றன. டைல்ஸுக்கு அடியில் என்ன செய்யப்போகிறாய் என்று ஒரு வரிகூட இல்லை. காசு போக வேண்டிய இடம் அதுதான், கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அப்புறம்.

முதலில் நாள். கொடை நடக்கும் பத்து நாளும் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், மண்டைக்காட்டு ரோட்டில் மணல் லாரி நுழையவே முடியாது. கொடை முடிந்து வேலையைத் தொடங்கு. பங்குனி, சித்திரை வெயில் பூச்சு காய்வதற்கு நல்லது, ஆனிச் சாரலுக்கு முன் எல்லாம் முடிந்துவிடும். உன் லீவுக்குள் முடிக்க வேண்டும் என்று கொத்தனாரை விரட்டாதே. விரட்டினால் அவர் செய்யாமல் விடப்போவது தண்ணீர் கசியாமல் தடுக்கும் வாட்டர்ப்ரூஃபிங்கைத்தான், ஏனென்றால் அதுதான் வெளியே தெரியாது.

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். டைல்ஸ் தடுக்கலாம், ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவில் அடைக்கிற சிமெண்ட் வழியாகத் தண்ணீர் இறங்கும். அதைத் தாங்குவது கீழே இருக்கிற பூச்சுதான். என் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு மாடி வீட்டில் இதைச் செய்யாமல் விட்டு, கீழ் அறை கான்கிரீட் உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. ஆகவே பழைய தளத்தைக் கிளறி எடுத்து, தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் போட்டு, அதன் மேல் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடித்து, சுவரிலும் ஒரு அடி ஏற்றி, குளிக்கிற பக்கம் ஆள் உயரத்துக்கு அடிக்கச் சொல். சுவரும் தரையும் சேரும் மூலைதான் முதலில் வெடிக்கும், அங்கே வலைத்துணி வைத்து அடிக்க வேண்டும். காய்ந்த பிறகு தரைத் தண்ணீர் வெளியே போகும் நாணி ட்ராப்பின் வாயை அடைத்துவிட்டு இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்து. மட்டம் இறங்கவில்லை, வெளிச்சுவரில் ஈரம் இல்லை என்றால்தான் டைல்ஸ் பெட்டியைப் பிரிக்கலாம். பழைய டைல்ஸ் மேலேயே புதுசை ஒட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே.

வாட்டம் ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. நீ காட்டிய இரண்டுக்கு இரண்டு பெரிய டைல்ஸ் தரைக்கு வேண்டாம், அதை வாட்டத்துக்கு வளைக்க முடியாது, நடுவில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஒரு அடி டைல்ஸ், சொரசொரப்பானது, அதுதான் அம்மா காலுக்குப் பிடிப்பு. பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கி எடுத்து வை, பின்னால் ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.

உன் வீட்டுப் பழைய பகுதி வெட்டுக்கல்லும் மண் சாந்தும் வைத்துக் கட்டியது என்று நினைவு. அந்தச் சுவரைக் குறுக்கே ஆழமாக வெட்டி பைப் புதைக்க விடாதே, சுவர் பலம் போய்விடும். பைப்பைச் சுவருக்கு வெளியே ஓட்டி, மேலே மூடிக்கொள்ளலாம், அழகு கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். சுடுதண்ணீருக்கு சூடு தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப். மூடுவதற்கு முன் பிரஷர் டெஸ்ட் பண்ணி, அளவு டேப்பைப் பக்கத்தில் வைத்து போட்டோ எடுத்து வைத்துக்கொள், பின்னால் ஆணி அடிக்கிறவனுக்கு உதவும். கடல் காற்றுக்கு சாதாரண இரும்பு ஸ்க்ரூ சீக்கிரம் துருப்பிடித்துவிடும், எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

செப்டிக் டேங்கையும் பார். மணல் பூமியில் தண்ணீர் சீக்கிரம் கீழே இறங்கும், அதோடு செப்டிக் டேங்கிலிருந்து வழிவது போய்ச் சேரும் உறைக்குழித் தண்ணீரும் இறங்கும். கிணற்றுக்கும் உறைக்குழிக்கும் நடுவில் 50, 60 அடி இல்லையென்றால் குளியலறையைவிட அந்த வேலைதான் முந்த வேண்டியது. அப்புறம், அம்மா சென்னைக்கு அக்கா வீட்டுக்குப் போய்விட்டால் நாணி ட்ராப்பில் இருக்கிற தண்ணீர் வற்றி நாற்றமும் கரப்பானும் உள்ளே வரும். யாரையாவது வாரம் ஒரு குடம் ஊற்றச் சொன்னால் போதும்.

கீசர் விஷயத்தில் மட்டும் ஒரு ரூபாய் மிச்சம் பிடிக்காதே. முதலில் எலக்ட்ரீஷியனை வைத்து அந்தப் பழைய வீட்டில் எர்த் உண்டா என்று பார்க்கச் சொல். 16 ஆம்பியர் பிளக், தண்ணீர் தெறிக்காத இடத்தில். கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச், 30 மில்லிஆம்பியர், கட்டாயம். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் வைக்கவே வேண்டாம். ஜன்னல் சாத்தியிருந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனை கிடையாது, ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். அதில் உயிர் போனவர்கள் உண்டு.

கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி இருக்கட்டும். உள்ளே யாராவது விழுந்து கதவில் சாய்ந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவைத் தள்ளிக்கூட உதவிக்குப் போக முடியாது. தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கிற மாதிரி. வாசலில் உயரமான படி வேண்டாம், அரை அங்குலம் இறக்கம் போதும். கைப்பிடிக் கம்பியைப் பிளாஸ்டிக் கப் வைத்து ஒட்டுவதை நம்பாதே, முழு ஆள் பாரத்தைத் தாங்குகிற மாதிரி சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு முறுக்க வேண்டும். வெட்டுக்கல் பிடிக்காத இடத்தில் அந்த அளவுக்கு மட்டும் கான்கிரீட் வைத்துக் கட்டிவிடச் சொல், இதை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

சரி, நீ வருமுன் இரண்டு காரியம் முடித்து அனுப்பு. பழைய கக்கூஸ் எடுத்த இடத்தில் வெஸ்டர்ன் வைக்கிறாய் அல்லவா, பின்சுவரிலிருந்து அங்கே இருக்கிற கழிவுக் குழாயின் நடுவரைக்கும் எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதச் சொல், டைல்ஸ் கனத்தையும் கழித்து. அளவு தெரியாமல் வாங்கினால் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். இன்னொன்று, அம்மா உட்கார்ந்து எழும்பும்போது எந்தக் கையை ஊன்றுகிறார்கள் என்று கேட்டுச் சொல். கம்பி அந்தப் பக்கத்தில்தான் வர வேண்டும். மார்த்தாண்டத்தில் எனக்குத் தெரிந்த டைல்ஸ் மேஸ்திரி ஒருவர் இருக்கிறார், பொறுமையான ஆள், மாசிக்குப் பிறகு ஒழிவாக இருப்பாரா என்று இந்த வாரம் கேட்டு எழுதுகிறேன்.

உன்
தக்கலைக்காரன்