நாலாவது ஆள்

ஸ்காபரோ
நவம்பர் 2025

மச்சான்,

"கிற்றாரை வித்திட்டன், சும்மா இடத்தை அடைச்சுக்கொண்டு நிண்டது" என்று ஒரு வரி அனுப்பினாயே, அதற்குப் பதில் போடாமல் இருந்தது வேண்டுமென்றுதான். வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன், தப்பிவிட்டதாக நினைக்காதே.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சீனி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, வாய் மட்டும் இறங்கவில்லை. மாஸ்டர் பேரனின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டு தன் வான் வண்டிக் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்த முறை அதற்கு நாலு சில்லும் இருந்ததாம். குண்டன் மெலிந்துவிட்டான், பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. சரி, வீட்டுப் புதினம் அவ்வளவுதான்.

எங்கள் ரஷ் பாண்ட் திரும்ப வருகிறது. உனக்கும் தெரிந்திருக்கும், தெரிந்துகொண்டும் வாயைத் திறக்காமல் இருக்கிறாய் என்பதுதான் எனக்கு எரிச்சல். பாடிக்கொண்டே பேஸ் கிற்றாரும் கீபோர்டும் வாசிக்கிற கெடியும், கிற்றார்காரர் அலெக்ஸும் ஒக்டோபரில் அறிவித்தார்கள். 2026 ஜூனில் லொஸ் ஏஞ்சலிஸில் தொடக்கம், 2015இல் மூன்று பேரும் கடைசியாக ஒன்றாக நின்ற அதே அரங்கில். ஓகஸ்டில் இங்கே ரொறன்ரோவில். டிரம்ஸுக்கு அனிகா நிலெஸ் என்ற ஜெர்மன்காரி, கிற்றார்காரர் ஜெஃப் பெக்கோடு வாசித்தவள். டிரம்ஸ் அடித்த நீல் இறந்துவிட்டார், அவர் இல்லாமல் ரஷ்ஷா என்று குண்டன் குதித்தான். நீலின் மனைவியும் மகளுமே வாழ்த்திவிட்டார்கள், உனக்கென்ன என்று கேட்டேன், அடங்கிவிட்டான்.

எனக்கு அதில் சங்கடம் இல்லை. சங்கடம் வேறு இடத்தில். அந்த அறிவிப்பிலேயே கெடி இன்னொன்றையும் சொல்லியிருந்தார்: தானும் அலெக்ஸும் கொஞ்சம் சுதந்திரமாக நிற்க, இன்னும் ஒருவரையோ இருவரையோ மேடையில் சேர்க்க விருப்பமாம். இதைப் படித்ததும் உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமாக "அந்தாளை அந்தப் பெட்டியிலிருந்து யாராவது இழுத்துக்கொண்டு வாங்கோடா" என்று கெடியையும் கீபோர்டையும் பார்த்துக் கத்தியவன் நீதானே. இதோ, இழுக்கப் போகிறார்கள். சந்தோஷமா?

எனக்குச் சந்தோஷமில்லை. ஏன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவர்களுடைய 'சிக்னல்ஸ்' அல்பம் பற்றி நீ சொல்வது என்ன? அதற்கு முந்தின 'மூவிங் பிக்சர்ஸ்' 1981, அதோடு கடை பூட்டியாச்சு. 1982இல் 'சிக்னல்ஸ்'ஓடு சிந்தசைசர் என்ற மின்கீபோர்டு வந்து அலெக்ஸை மூலையில் இருத்திவிட்டது. சரி, ஒவ்வொன்றாக வா. 'மூவிங் பிக்சர்ஸ்'இன் முதல் பாட்டு 'டொம் சோயர்' எதில் தொடங்குகிறது? அந்த முதல் உறுமல் கிற்றாரா? ஓபர்ஹைம் சிந்தசைசர். அதற்கு முன்பு 'ஸனடு' பாட்டில் மினிமூக் சிந்தசைசர். இன்னும் பின்னுக்குப் போனால், நீ நெஞ்சில் அடித்துச் சத்தியம் பண்ணும் '2112' அல்பம், 1976, அதன் வாசலிலேயே நிற்பது ஏ.ஆர்.பி. சிந்தசைசர்தான். வாசித்தவர் யார் தெரியுமா? அவர்களுடைய அட்டைப்படங்களைச் செய்த ஹியூ சைம். 'சிக்னல்ஸ்' அட்டையில் தண்ணீர்க் குழாயை மணக்கிற புள்ளி நாயும் அவர் வேலைதான். ஆக, பெட்டி வந்ததால்தான் எல்லாம் கெட்டது என்ற உன் கதை ஓடாது. பெட்டி எப்போதும் இருந்தது.

மாறியது எது? முன்பு பாட்டைக் கிற்றாரிலும் பேஸிலும் கட்டி முடித்துவிட்டு, மேலே கீபோர்டைப் பூசுவார்கள். 'சிக்னல்ஸ்'இல் கெடி கீபோர்டுக்கு முன்னால் இருந்தே பாட்டைக் கட்டத் தொடங்கிவிட்டார். 'சப்டிவிஷன்ஸ்' அப்படிப் பிறந்த பாட்டு என்பது முதல் ஏழு தட்டிலேயே தெரிகிறது. அகலமான கீபோர்டுச் சத்தம் வந்து நடுவில் உட்கார்ந்தால், நடுவில் இருந்த கிற்றார் எங்கே போகும்? அலெக்ஸ் மேலே போனார். பல நரம்பைச் சேர்த்து அடிக்கிற கனத்த கோர்ட்டுகளை விட்டுவிட்டு மெல்லிய, வெட்டுகிற தட்டல்கள், ரெகே இசை மாதிரி. அதே அல்பத்தில் 'டிஜிட்டல் மேன்' பாட்டைக் கேட்டால் தெரியும். உன் மருமகள் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இந்த அல்பத்தைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து சொன்னாள்: "அப்பா, கிற்றார் கதவுக்கு வெளியே நிண்டு வாசிக்கிற மாதிரி இருக்கு." நீ இப்போது எழும்பி நின்று கைதட்டுவாய், தெரியும். இரு. அவளே அடுத்ததாகக் கேட்டது: "அப்ப ஏன் உள்ளே விடேல்லை?"

அதுதான் கேள்வி. அலெக்ஸே அந்த அல்பத்தில் தன் கிற்றார் ஒதுக்கப்பட்டதாகக் குறைப்பட்டவர். டெரி பிரவுன் 1975இலிருந்து அவர்களோடு இருந்த தயாரிப்பாளர், அவருக்கும் 'டிஜிட்டல் மேன்' போகிற போக்குப் பிடிக்கவில்லை, அந்த அல்பத்தோடு பிரிந்தார்கள். கிற்றாரைச் சத்தக் கலவையில் தாழ்த்தியது மனிதக் கை, மெஷின் அல்ல. உனக்கு அத்தாட்சி வேண்டுமென்றால் 2002ஐ எடு. 'வேப்பர் டிரெயில்ஸ்' அல்பம். ஒரு கீபோர்டு கிடையாது, கிற்றாருக்கு மேல் கிற்றார். நீ கேட்டது முழுக்கக் கிடைத்தது. கிடைத்த பிறகு என்ன செய்தாய்? "காது கிழியுது, ஒண்டும் விளங்கேல்லை" என்று கசப்பாய்க் கதைத்தாய். நியாயம்தான், சத்தத்தை எல்லை மீறி ஏற்றிவைத்திருந்தார்கள். 2013இல் முழுவதையும் புதிதாகக் கலந்து வெளியிட வேண்டி வந்தது. சிந்தசைசரே இல்லாமலும் அவர்களால் கிற்றாரைப் புதைக்க முடிந்திருக்கிறது, மச்சான். இதற்கு உன்னிடம் ஒருநாளும் பதில் இருந்ததில்லை.

இன்னொரு சின்னக் கதை. 'நியூ வேர்ல்ட் மேன்' அந்த அல்பத்தில் கடைசியாக, அவசரத்தில் எழுதின பாட்டு. கசற்றின் இரண்டு பக்கமும் சரிக்குச் சரி வர நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைய இடம் இருந்தது, அதை நிரப்பச் செய்தார்கள். அந்த இட்டுநிரப்பல்தான் அமெரிக்கப் பாட்டு வரிசையில் 21ஆம் இடம் வரை போனது. முதல் நாற்பதுக்குள் அங்கே அவர்கள் நுழைந்தது அந்த ஒரு பாட்டால் மட்டும். மூளையைப் பிழிந்து செய்ததெல்லாம் நாங்கள் சண்டை பிடிக்க, கசற் நிரப்பச் செய்தது ஊர் கேட்க. எனக்கு இதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

இப்போது நாலாவது ஆளுக்கு வருகிறேன். பெட்டியில் குற்றமில்லை என்றால் 'சிக்னல்ஸ்' ஏன் அப்படி இருக்கிறது? அவர்களுடைய பிடிவாதம். ஒரு கீபோர்டுக்காரனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தால் முடிந்தது, அந்தக் காலத்தில் எத்தனை பேர் அப்படிச் செய்தார்கள். இவர்கள் மாட்டோம் என்றார்கள். அல்பத்தில் கேட்பதை மேடையில் மூன்று பேரே வாசிக்க வேண்டும். 2015இல் இங்கே நான் பார்த்தேன், நீ வராத அந்த நிகழ்ச்சி. 'சப்டிவிஷன்ஸ்' தொடங்கும்போது கெடியின் தோளில் பேஸ் தொங்குகிறது, இரண்டு கையும் கீபோர்டில், பேஸ் சத்தம் காலடியில் இருக்கும் பெடலிலிருந்து வருகிறது, வாய் மைக்கில். பிறகு ஒரு கண நேரத்துக்குள் கை கீபோர்டை விட்டு பேஸ் நரம்புக்குத் தாவுகிறது. பக்கத்தில் இருந்தவன் தன் பியரைக் குடிக்க மறந்து அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டின் அடிச்சத்தம் ஏன் அவ்வளவு நேர்கோடாக, ஏறக்குறைய விறைப்பாக இருக்கிறது என்று அன்றுதான் கண்ணால் கண்டேன். காலால் அதற்கு மேல் ஓடியாட முடியாது. பேஸ் விறைத்ததால் நீல் அதைச் சுற்றி இன்னும் கனக்க அடிக்கிறார். நடுவை விட்டுக்கொடுத்த அலெக்ஸ் கடைசியில் தன் சோலோவுக்கு இடம் கிடைத்ததும் பாய்ந்து வருகிறார். யாருக்கும் போதிய இடமில்லை. நெருக்கடியான வீட்டில் மூன்று பேர்.

அந்த நெருக்கடிதான் அந்தப் பாட்டு. புறநகரில் பெட்டி பெட்டியாக வீடுகள், பள்ளிக்கூடத்தில் ஒன்று சேர வேண்டும், இல்லை ஒதுக்கப்படுவாய் என்பதைத் தாராளமான கிற்றாரில் வாசித்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அதன் வீடியோவில் வருகிற பள்ளிக்கூடத்தைப் படம்பிடித்தது எங்கே என்று நினைவிருக்கிறதா? எங்கள் ஸ்காபரோ, லமோரோ பள்ளிக்கூடம். அந்தப் பொடியன் தனியாக நின்று டெம்பெஸ்ட் என்ற வீடியோ கேம் விளையாடுகிற இடத்தைப் பார்த்துவிட்டு நீ ஒன்றும் பேசாமல் சனலை மாற்றினாய். நாங்கள் வந்து இறங்கிய புதிது, ஒருவரும் எங்களைச் சாப்பாட்டு மேசையில் சேர்க்காத காலம். கெடியின் அப்பா அம்மா நாஸி முகாம்களிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள், அலெக்ஸின் பெற்றோர் சேர்பியர்கள், இரண்டு பொடியன்களும் ரொறன்ரோவின் வில்லோடேலில் வளர்ந்தவர்கள். பாட்டு வரிகள் நீலுடையதாக இருக்கலாம், ஆனால் அதைப் பாடுகிற குரலுக்கு அந்தச் சாப்பாட்டு மேசை தெரியும். உனக்கு அந்தப் பாட்டுப் பிடிக்காதது சிந்தசைசராலா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை, எழுதிவிட்டேன் அவ்வளவுதான்.

ஆகவே கெடியின் கை சும்மா இருக்க, வேறொருவர் அந்தக் கீபோர்டை அலுங்காமல் வாசித்தால் எல்லாம் சுத்தமாக, விசாலமாக வரும். பேஸ் துள்ளும். நீ துள்ளுவாய். எனக்கு அந்த மூச்சுமுட்டல் போய்விடுமே என்று இருக்கிறது. இதைக் குண்டனிடம் சொன்னேன். "எழுபத்திரண்டு வயசு மனுசனைக் காலாலும் வாசி, கையாலும் வாசி, பாடு எண்டு கேக்கிற நீ மனுசனா" என்றான். அவனுக்கும் ஒருநாள் புத்தி வரும் என்று எதிர்பார்த்தேன், இப்படி வரும் என்று நினைக்கவில்லை.

அவன் சொன்னது சரிதான், அதனால்தான் கிற்றாருக்கு வருகிறேன்.

விரல் மூட்டு வீங்குகிறது, 'எஃப்' கோர்ட்டே பிடிக்க முடியவில்லை என்று உன் மனைவிதான் என் மனைவியிடம் சொன்னாள். நீ சொல்லவில்லை. உனக்கு இடம் அடைத்ததாம்! டேய், அலெக்ஸுக்கும் மூட்டுவாதம், வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2015இல் அவர்கள் நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம், நீலின் கைவலியும் தோள்வலியும் இன்னொன்று. நான் பார்த்த அந்த நிகழ்ச்சியில் அவர்கள் 'லூஸிங் இட்' வாசித்தார்கள். 33 வருடமாக மேடையில் தொடாத பாட்டு. 'சிக்னல்ஸ்'இல் இரண்டாம் பக்கத்தில், நீ முழுதாகக் கேட்கவே கேட்காத பாட்டு. அல்பத்தில் மின்வயலின் வாசித்த பென் மின்க் வந்து நின்று வாசித்தார். உடம்பு ஒத்துழைக்காத ஒரு நடனக்காரி, எழுத்து வராமல் போன ஒரு எழுத்தாளன், அவர்களைப் பற்றிய பாட்டு. முப்பது வயதுக்குள் எழுதியதை அறுபது தாண்டி, வலிக்கிற கையோடு வாசித்தார்கள். அன்றைக்கு அதை நல்ல பாட்டு என்று மட்டும் கேட்டேன். உன் வரி வந்த இரவு திரும்பப் போட்டேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

நீ ஒதுக்கிவைத்த அல்பத்துக்குள்தான் உன்னைப் பற்றிய பாட்டு இருக்கிறது. வலிக்கிறதென்றால் வலிக்கிறதென்று சொல். டாக்டரிடம் போனாயா? மருந்து ஏதாவது தந்தார்களா? கிற்றாரை யாருக்கு விற்றாய், எவ்வளவுக்கு? திருப்பி வாங்க முடியுமா? இந்த நாலு கேள்விக்கும் பதில் வேண்டும். கட்டைவிரல் வேண்டாம்.

ரிக்கெற் விலை அநியாயம். வரிசையில் காத்திருந்து, நம்பர் வந்து, உள்ளே போனால் நல்ல இருக்கை ஒன்று நான் மாதம் கட்டும் கார்க் காசுக்கு மேலே. ஆனாலும் ஓகஸ்டுக்கு இரண்டு எடுத்துவிட்டேன், மேல் தட்டில், பக்கவாட்டில். அந்தப் பக்கத்திலிருந்து கெடியின் கால் தெரியுமா என்று வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், தெரியும் போலத்தான் இருக்கிறது. பிளேன் ரிக்கெற் உன் பொறுப்பு. லீவு கிடைக்கவில்லை என்ற கதையை 2015இலேயே சொல்லி முடித்துவிட்டாய், புதிதாக ஏதாவது கண்டுபிடி, அல்லது வா. அம்மா உனக்கு ஒடியல் கூழ் காய்ச்சுவதாகச் சொல்லிவிட்டாள், எனக்குக் காய்ச்சி வருடக் கணக்காகிறது.

குண்டனுக்கு இப்போதைக்குச் சொல்லாதே. அவனுக்கு ரிக்கெற் எடுக்கவில்லை. தெரிந்தால் மாஸ்டரிடம் போவான், மாஸ்டர் எல்லோரையும் வானில் ஏற்றிக்கொண்டு போவோம் என்பார்.

அன்புடன்,
உன் சிந்தசைசர் மண்டையன்