வாளியில் கீரை: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் ஒரு வாளி வைத்து, மண்ணே இல்லாமல், தண்ணீரில் கீரை வளர்க்கப் போகிறார்கள். வகுப்பில் சொன்ன அன்றே ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. "தோப்புக்காரன் பேரனுக்கு வாளியில எதுக்குங்க கீரை?" என்று ஒரு அப்பாரு பள்ளி வாசலிலேயே என்னை நிறுத்திக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

மண்ணில் நிற்கும் செடியில் நாம் பார்ப்பது மேலே இருப்பதை மட்டும்தான். வேரைப் பார்க்க வேண்டுமென்றால் பிடுங்க வேண்டும், பிடுங்கினால் செடி போய்விடும். வாளியில் மூடியைத் தூக்கினால் போதும், நேற்றைக்கு இன்றைக்கு வேர் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று ஸ்கேல் வைத்தே அளக்கலாம். இன்னொன்று, எல்லா வீட்டிலும் தோப்பு இல்லை. லைன் வீடுகளில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு வாசலில் சிமெண்டுத் தரைதான். அவர்களும் ஒரு கைப்பிடி புதினா பறிக்கட்டும்.

இது நேற்று வந்த வித்தையும் அல்ல. 1860 வாக்கிலேயே ஜெர்மனியில் யூலியஸ் சாக்ஸ் என்ற தாவரவியலர், உப்புகள் கரைத்த தண்ணீரில் செடி வளர்த்து, செடிக்கு மண்ணிலிருந்து என்னவெல்லாம் தேவை என்று ஆராய்ந்தார். 1930-களில் கலிபோர்னியாவில் வில்லியம் கெரிக் அதையே தொட்டிகளில் தக்காளி விளைவிக்கும் அளவுக்குக் கொண்டுபோனார். நாம் செய்யப்போவது ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்டு கிராட்கி வகுத்த முறை. மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது, தண்ணீர் ஓடவும் வேண்டாம். பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு இதைவிடச் சுலபமான முறை எனக்குத் தெரியவில்லை.

வேண்டியது மூடியுள்ள 10 லிட்டர் வாளி ஒன்று. ஓட்டலுக்குத் தயிர், எண்ணெய் வரும் வெள்ளை வாளி இருந்தால் நல்லது. பூச்சிமருந்து, எனாமல் பெயிண்ட், தின்னர் இருந்த வாளி எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். அதில் வளர்வதைச் சாப்பிடப் போகிறோம். வெளிச்சம் ஊடுருவும் வாளி என்றால் உள்ளே பாசி பிடித்து, செடிக்கான உரத்தைப் பாசி தின்றுவிடும். முதலில் ஒரு கோட் கறுப்பு, அதன்மேல் ஒரு கோட் வெள்ளை என்று வெளிப்பக்கம் மட்டும் அடித்துவிடுங்கள். கறுப்பு வெளிச்சத்தை நிறுத்தும், வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும்.

மூடியில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் இறங்கி விளிம்பில் நிற்கும் அளவுக்கு ஒரு துளை. டம்ளரின் அடியிலும் பக்கத்திலும் சிறு சிறு ஓட்டைகள். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் போடும் வேலை இது, பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், அதுவும் வாசலில் காற்றோட்டமாக. பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கட்டும். டம்ளருக்குள் தென்னைநார்க் கழிவு நிரப்ப வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் இருந்துகொண்டு இதற்கு வழி சொல்லத் தேவையில்லை. ஆனால் மில்லிலிருந்து வரும் கழிவில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே போட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். நம் ஊர் போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. அந்த உப்புத் தண்ணீரோடு உரமும் சேர்ந்தால் இலை ஓரம் கருகும். பிடித்துவைத்த மழைநீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லையென்றால் குழாயில் வரும் நல்ல தண்ணீரை ஒரு நாள் திறந்துவைத்துப் பயன்படுத்தலாம். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சின்ன பாட்டிலில் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். அறிவியல் ஆசிரியை, தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் pH தாள் வைத்துப் பார்த்துச் சொல்வார். உரம் கலந்த பிறகு pH 5.5 முதல் 6.5 வரை இருந்தால் செடி நன்றாக உண்ணும்.

உரத்தைப் பள்ளியே தரும். ஏ, பி என்று எழுதிய இரண்டு பாட்டில்கள். ஏ-யில் லிட்டருக்கு 60 கிராம் கால்சியம் நைட்ரேட். பி-யில் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள, தண்ணீரில் முழுதும் கரையும் 19:19:19 உரம் 60 கிராம், எப்சம் உப்பு எனப்படும் மெக்னீசியம் சல்பேட் 30 கிராம், கொஞ்சம் நுண்ணூட்டம். 10 லிட்டர் தண்ணீரில் ஏ 100 மில்லி ஊற்றிக் கலக்கிவிட்டு, அப்புறம் பி 100 மில்லி. இரண்டையும் அப்படியே ஒன்றாக ஊற்றினால் பால் திரிந்ததுபோல வெள்ளையாகி அடியில் தங்கிவிடும். கால்சியம் போய் சல்பேட்டையும் பாஸ்பேட்டையும் பிடித்துக்கொள்கிறது, அப்புறம் செடிக்கு எதுவும் கிடைக்காது. சொட்டுநீரில் உரம் விடும் வீடுகளில் கால்சியம் நைட்ரேட்டைத் தனியாகத்தானே விடுகிறீர்கள், அதே கணக்குதான். ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டையும் ஒரு ஸ்பூன் கலந்து பிள்ளைக்குக் காட்டுங்கள், காட்டிவிட்டுக் கொட்டிவிடுங்கள். பாட்டில்களைச் சின்னக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்கு மாற்றுவது கூடவே கூடாது.

தொடங்கும்போது தண்ணீர் டம்ளரின் அடியைத் தொட்டபடி இருக்க வேண்டும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், வேரும் பின்னாலேயே இறங்கும். மேலே காலியாகும் இடத்தில் தொங்கும் வேர்கள் தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கப் பழகிக்கொள்ளும். கிட்டத்தில் பார்த்தால் அந்த வேர்களில் பூஞ்சை பிடித்ததுபோல வெள்ளை வெள்ளையாக முடி தெரியும். அது நோய் அல்ல. துடைக்கவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம்.

சிக்கல் வருவது இங்கேதான். பாதி காலியான வாளியைப் பார்த்ததும் பெரியவர்களுக்கு மனசு கேட்காது. "பையன் தண்ணியே ஊத்தல பாரு" என்று அம்மாயி ஒரு சொம்பு மொண்டு விளிம்பு வரை ஊற்றிவிடுவார். காற்றுக்குப் பழகிய வேர் மொத்தமாக மூழ்கி, மூச்சுத்திணறி அழுகிப்போகும். செடி வாடும். வாடுகிறதே என்று இன்னொரு சொம்பு விழும். தயவுசெய்து வேண்டாம். மட்டம் ரொம்பவும் இறங்கி, தண்ணீர் அடியில் இரண்டு விரல் அளவுதான் மிச்சம் என்றால், அதே அளவு உரம் கலந்த தண்ணீரைக் கால் வாளி வரைக்கும் மட்டும் விடலாம். அதையும் பிள்ளையே விடட்டும்.

கொசு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மூடி சரியாகப் பொருந்தாத வாளி என்றால் கீரைக்கு முன்னால் கொசுதான் அறுவடையாகும். மூடி இறுக்கமாக உட்கார வேண்டும், டம்ளருக்கும் துளைக்கும் இடையே சந்து இருந்தால் பஞ்சோ துணியோ திணிக்க வேண்டும். வேரைப் பார்க்க மூடியைத் தூக்கினால் உடனே மூடிவிட வேண்டும். உள்ளே புழு நெளிந்தால் தண்ணீரை வெயில் படும் தரையில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கச் சொல்லுங்கள். வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்களிடம் வாளியைத் திறந்து காட்டுங்கள், ஒளித்து வைக்காதீர்கள்.

மார்கழி, தை மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரை வெயிலில் இதே வாளியை வைத்தால் வேர் பழுப்பாகி நாற்றமடிக்கும். காலை வெயில் படும், மத்தியானம் நிழல் விழும் இடமாகப் பாருங்கள்.

வைப்பதற்குப் பாலக் கீரையோ புதினாவோ போதும். சந்தையில் வாங்கும் புதினாக் கட்டில் தடித்த நாலு தண்டை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் சில நாட்களில் வேர் விட்டுவிடும். பாலக் விதை என்றால் முதலில் நார்க்கழிவில் முளைக்கவைத்து, முதல் இரண்டு இலைகளுக்கு அப்புறம் அடுத்த ஜோடி வந்த பிறகு வாளிக்கு மாற்ற வேண்டும். தக்காளி வைக்கிறேன் என்று சில பிள்ளைகள் துள்ளுகிறார்கள். இப்போதைக்கு வேண்டாம், அதற்கு இந்த வாளியும் உரமும் போதாது.

இதற்கு மதிப்பெண் கிடையாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மட்டத்தைக் குச்சியால் அளந்து நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். செடி செத்துப்போனாலும் நோட்டு வந்தால் போதும். ஆன்லைனில் விற்கும் கிட் வாங்கித் தராதீர்கள். ஒருவன் மோட்டார் வைத்த கிட்டோடு வந்தால், தயிர் வாளி கொண்டுவந்த பிள்ளை அதைப் பின்னால் மறைத்துக்கொள்ளும்.

வாளியில் துளை போட வசதி இல்லாத வீடுகள் வரும் வெள்ளிக்கிழமை பிள்ளையிடம் மூடியையும் டம்ளரையும் மட்டும் கொடுத்தனுப்புங்கள். மாலை பள்ளி விடுவதற்குள் போட்டுத் தந்துவிடுகிறோம். மூடியின் உள்பக்கம் பெயர் எழுதி அனுப்பவும். எல்லா மூடியும் வெள்ளை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்