வீட்டோடு இருந்து பிள்ளை வளர்ப்பவர்களுக்கு மாதக் கொடுப்பனவு கோரும் மனு

மதிப்பிற்குரிய பிரதேச செயலாளர் அவர்களுக்கு,

ஐயா, கொழும்பு ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் நெருக்கமாக வீடுகள் உள்ள எங்கள் தோட்டக் குடியிருப்பு தங்களுக்குத் தெரியாத இடமல்ல. டெங்குப் பரிசோதனையின்போது பொதுப் பைப்படியில் நின்று பேசிவிட்டுப் போனீர்கள். முன்பு தந்த மனுக்களுக்குப் பதில் கிடைக்காததால் மீண்டும் தாழ்மையுடன் எழுதுகிறேன்.

1. கணவருக்குப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை. லொறி வந்தால்தான் கூலி.

2. நான் கார்மென்ட்ஸில் வேலை செய்தவள். சின்னவளுக்கு ஒன்றரை வயது, பார்த்துக்கொள்ள ஆளில்லை. டே கெயாருக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்தால் சம்பளத்தில் மிஞ்சுவது பால்மாவுக்கே காணாது.

3. அந்தப் பால்மாதான் ஐயா பெரிய பாடு. 2021 தொடக்கத்தில் 400 கிராம் பக்கெட் 380 ரூபாய். அந்த வருடம் ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், பிறகு அது ஆயிரத்தையும் தாண்டிவிட்டது. மூன்று கரண்டி போட்ட இடத்தில் ஒன்றரை போடுகிறேன். பக்கெட் முடிந்தால் கத்தரியால் வெட்டி விரித்து, மூலையில் ஒட்டியதைச் சுடுதண்ணீர் விட்டு அலசி எடுக்கிறேன். மூத்தவனுக்கு வெறும் தேத்தண்ணி. தங்கச்சியின் போத்தலைப் பார்த்துக்கொண்டே குடிப்பான், கேட்கமாட்டான். கேட்டுத் தொலைத்தாலும் பரவாயில்லை. கடைக்காரர் அரிசியைக் கடனுக்குத் தருவார், பால்மாவைத் தரமாட்டார். கிளினிக்கில் நிறை குறைவு, முட்டை கொடுங்கள், மீன் கொடுங்கள் என்கிறார்கள். கொடுக்க எங்களுக்கு ஆசையில்லையா?

4. அரசின் அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவுக் கணக்கெடுப்புக்கு வந்தவர் என் பெயருக்கு நேரே தொழில் "இல்லை" என்று எழுதினார். சரி, இல்லை. விடியுமுன் பைப்படியில் வரிசையில் நிற்பதும், இரவு முழுக்க இருமும் பிள்ளையைத் தோளில் போட்டு நடப்பதும் பொழுதுபோக்கா? அப்புறம் கரண்ட் பில் கூடுதல் என்று நிவாரணம் தராமல் தள்ளிவிட்டார்கள். மூன்று குடும்பத்துக்கு ஒரே மீட்டர்! சொன்னோம், எழுதியும் தந்தோம். ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

5. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்காக வேலையை விட்ட தாய்க்கோ தந்தைக்கோ மாதக் கொடுப்பனவு வேண்டும். குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய் ஆக்கினார்கள். அதில் மூன்றிலொரு பங்கு போதும். இது தங்கள் கையில் மட்டும் இல்லை என்பது தெரியும். தங்கள் பரிந்துரையோடு மகளிர் மற்றும் சிறுவர் விவகார அமைச்சுக்கு அனுப்பும்படி கேட்கிறேன். அதுவரை அஸ்வெசும மேன்முறையீட்டையாவது எடுத்துப் பாருங்கள். மீட்டரை வந்து பாருங்கள் ஐயா, தயவுசெய்து.

முடியாது என்றாலும் அதைத் தமிழில், எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்
கொழும்பு 13